பில் போட ஐந்து செகண்ட்: ப்ரொஃபைலர் கண்ணில் படாத நேரத்தைத் தேடிய பதிவு

சென்னை கோடவுன் தெருவில் ஒரு மொத்த ஜவுளிக் கடையின் பில்லிங் மென்பொருளைப் பராமரிக்கிறேன். எழுதியவர் வேறொருவர். அவர் வெளிநாடு போய்விட்டதால் கோட் என் கைக்கு வந்தது. பைத்தானில் ஒரு சின்ன வெப் அப்ளிகேஷன், எஸ்கியூலைட் டேட்டாபேஸ், உபுண்டு 22.04 ஓடும் ஒரு பழைய பெட்டி, அதற்குள் 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க். அந்தப் பெட்டி மாடிப்படிக்குக் கீழே துணிக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. மூன்று கவுன்ட்டர்களில் பிரௌசரைத் திறந்து பில் போடுகிறார்கள்.

ஆடித் தள்ளுபடிக்காகச் சில்லறைக் கடைக்காரர்கள் முன்கூட்டியே சரக்கு எடுக்க வரும் காலத்தில் கடை முதலாளியிடமிருந்து போன் வந்தது. "தம்பி, பெரிய பில்லுன்னா சேவ் அமுக்கினதும் அஞ்சு செகண்ட் அப்படியே நிக்குது. கஸ்டமர் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியிருக்கு." சின்ன பில்லில் இந்தத் தொல்லை இல்லை. நாற்பது வரிக்கு மேல் போனால்தான்.

நங்கநல்லூரில் என் லேப்டாப்பில் அதே கோட், அதே டேட்டாபேஸின் நகல். 42 வரி பில்லைச் சேவ் செய்தால் கண் சிமிட்டுவதற்குள் முடிகிறது. பழைய பில்கள் 200-ஐ எடுத்து, வரிசையாகத் திரும்பச் சேவ் செய்யும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினேன். மொத்தம் 9 செகண்ட். ஒரு பில்லுக்கு 45 மில்லி செகண்ட். அங்கே ஐந்து செகண்ட், இங்கே 45 மில்லி செகண்ட். பெட்டி எவ்வளவு பழசானாலும் நூறு மடங்கு வித்தியாசம் வராது.

இருந்தாலும் வழக்கப்படி முதலில் சிப்ரொஃபைல் என்ற ப்ரொஃபைலரை ஓட்டினேன். ப்ரொஃபைலர் என்பது நிரலின் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கணக்குக் காட்டும் கருவி. சிப்ரொஃபைல் பைத்தானோடு கூடவே வருவது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். பட்டியலின் உச்சியில் நின்றது தொகையை ரவுண்ட் செய்யும் குட்டி ஃபங்ஷன் (நிரலில் ஒரு குறிப்பிட்ட வேலைக்கென எழுதிய பகுதி). மொத்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கும் அதன் உள் அழைப்புகளுக்கும் போகிறது என்றது பட்டியல். நம்பும்படியாகவே இருந்தது. சைஸ் வாரியாக, கலர் வாரியாக, தள்ளுபடிக்கு ஒருமுறை, சிஜிஎஸ்டிக்கு ஒருமுறை, எஸ்ஜிஎஸ்டிக்கு ஒருமுறை என்று 200 பில்லுக்கு லட்சக்கணக்கில் அதைக் கூப்பிடுகிறார்கள்.

ஆனால் அதே பட்டியலின் தலையில் மொத்த நேரம் 15 செகண்ட் என்று இருந்தது. ப்ரொஃபைலர் இல்லாமல் 9, அது இருந்தால் 15. அந்த ஆறு செகண்டை யார் கணக்கில் எழுதுவது?

சிப்ரொஃபைல் ஒவ்வொரு ஃபங்ஷனுக்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறது. ஒரு முறை குறிப்பதற்கு ஆகும் நேரம் மிகக் கொஞ்சம். ஆனால் ஒரு மைக்ரோ செகண்டில் முடிகிற ஃபங்ஷனுக்கு அதுவே ஏறக்குறைய அதன் சொந்த நேரத்துக்குச் சமமாகிவிடுகிறது. உள்ளே இன்னும் இரண்டு அழைப்பு இருந்தால் அவற்றுக்கும் சேர்த்துத் தண்டம். அரை செகண்ட் ஓடும் ஒரு பெரிய ஃபங்ஷனுக்கு அந்தத் தண்டம் ஒன்றுமே இல்லை. ஆகவே அடிக்கடி கூப்பிடப்படும் சின்ன ஃபங்ஷன்கள் எல்லாம் பட்டியலில் ஊதிப்போய் மேலே வருகின்றன. பைத்தானின் சொந்த ஆவணத்திலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள்: இந்த ப்ரொஃபைலர்கள் வேகத்தை அளந்து ஒப்பிடுவதற்கானவை அல்ல, அதற்கு டைம்இட் என்ற கருவி இருக்கிறது, பைத்தான் கோடுக்குச் சுமை ஏறும், சி மொழியில் எழுதியதற்கு ஏறாது, அதனால் சி வேகமானது போலத் தோன்றும் என்று.

ரவுண்ட் ஃபங்ஷனின் உண்மையான பங்கு எவ்வளவு என்று பார்க்க, அதை ஒன்றும் செய்யாமல் கொடுத்ததையே திருப்பித் தரும்படி மாற்றிவிட்டு, ப்ரொஃபைலர் இல்லாமல் வெறும் கடிகாரத்தை வைத்து ஓட்டினேன். 9 செகண்ட் 7.9 ஆனது. எட்டில் ஒரு பங்கு. ஒரு பில்லுக்கு ஐந்தரை மில்லி செகண்ட். அந்த ஃபங்ஷனையே உலகத்திலிருந்து துடைத்துவிட்டாலும் கடைக்காரரின் ஐந்து செகண்டில் ஒரு துளிகூடக் குறையாது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

(சிப்ரொஃபைல் பரவாயில்லை, யார் கூப்பிட்டால் எவ்வளவு நேரம் என்று தனித்தனியாகக் கணக்கு வைக்கிறது. 1982-இல் பெர்க்லியில் கிரகாம், கெஸ்லர், மெக்கூசிக் மூவரும் வெளியிட்ட ஜிப்ரொஃப் அப்படி அல்ல. ஒரு ஃபங்ஷன் மொத்தம் எடுத்த நேரத்தை, கூப்பிட்டவர்களுக்கு அழைப்பு எண்ணிக்கையின் விகிதத்தில் பிரித்துக் கொடுத்துவிடும். ஒருவர் ஒரு வரியைக் கொடுத்துக் கூப்பிட்டாலும் இன்னொருவர் பத்தாயிரம் வரியைக் கொடுத்துக் கூப்பிட்டாலும் ஓர் அழைப்பு ஓர் அழைப்புதான். சி-யில் வேலை செய்கிறவர்கள் இன்றும் அந்தப் பட்டியலைப் பார்க்க நேர்ந்தால் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.)

சரி, நோய் கடையில் இருக்கிறது, மருத்துவம் நங்கநல்லூரில் நடக்கிறது என்றால் எப்படி. மெட்ரோவில் ஹைகோர்ட் ஸ்டேஷனில் இறங்கி நடந்து போனேன்.

கடைப் பெட்டியில் பை-ஸ்பையை நிறுவினேன். இது ஓடிக்கொண்டிருக்கும் பைத்தான் ப்ராசஸின் நினைவகத்தை வெளியிலிருந்து எட்டிப் பார்க்கும் கருவி. சாதாரணமாக செகண்டுக்கு 100 தடவை பார்த்து, அந்த நொடியில் எந்த ஃபங்ஷன் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். ஓடும் கோடுக்குள் எதையும் செருகுவதில்லை. அதனால் சிப்ரொஃபைலின் தண்டம் இதில் இல்லை, வியாபாரம் நடக்கும்போதே ஒட்டவைக்கலாம். பில் போடும் அக்காவிடம் ஒரு பெரிய பில்லைச் சேவ் செய்யச் சொல்லி, அந்த நேரத்தைப் பிடித்து ஃப்ளேம் கிராஃப் எடுத்தேன். எந்த ஃபங்ஷனுக்கு எவ்வளவு நேரம் என்பதைப் பட்டைகளின் அகலமாக வரையும் படம் அது.

படம் அழகாக வந்தது. இடமிருந்து வலம் வரை ஆரஞ்சு நிறத்தில் நிறைந்திருந்தது. டெம்ப்ளேட் (திரையில் வரும் பக்கம்) கட்டுவது பாதி அகலம், நம் ரவுண்ட் ஃபங்ஷன் ஒரு நல்ல துண்டு, மிச்சம் சில்லறை. லேப்டாப்பில் பார்த்த கதையேதான். டேட்டாபேஸ் இருக்கும் இடமே தெரியவில்லை.

ஃப்ளேம் கிராஃப் படத்தை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் இங்கே ஒரு எண்ணைத் தவறவிடுவார்கள். கீழே மவுஸை வைத்தால் மொத்தம் எத்தனை சாம்பிள் என்று வரும். 4.8 செகண்ட் ஓடிய வேலைக்கு, செகண்டுக்கு 100 வீதம் 480 சாம்பிள் இருக்க வேண்டும். இருந்தது 20 சொச்சம். இருக்கிற இருபதையே முழு அகலத்துக்கு இழுத்து வரைந்திருக்கிறது. மற்ற 460 தடவை எட்டிப் பார்த்தபோது அந்த த்ரெட் (ப்ராசஸுக்குள் ஓடும் ஒரு வேலைச் சரடு) எதையும் ஓட்டிக்கொண்டிருக்கவில்லை, எதற்கோ காத்துக்கொண்டிருந்தது. காத்திருக்கும் த்ரெட்டை பை-ஸ்பை சாதாரணமாகக் கணக்கில் சேர்க்காது. சேர்க்கச் சொல்ல ஐடில் என்று ஒரு தனி ஆப்ஷன் கொடுக்க வேண்டும்.

அந்த அமைப்பில் தப்பில்லை. நூறு த்ரெட் சும்மா தூங்கும் ஒரு சர்வரில் தூக்கத்தையெல்லாம் வரைந்தால் படத்தில் வேறு எதுவும் தெரியாது. லினக்ஸின் பெர்ஃப் கருவியும் சிபியு சைக்கிளை வைத்து சாம்பிள் எடுக்கும்போது இப்படித்தான்: சிபியுவில் இல்லாதவன் அதன் கண்ணுக்கு இல்லாதவன். அதையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், 99 ஹெர்ட்ஸில். (100 என்று வைக்காமல் 99 வைப்பது, செகண்டுக்குச் சரியாக நூறு முறை தாளம் போடும் வேறு ஏதாவது டைமரோடு ஒத்துப்போய் எப்போதும் ஒரே இடத்தையே பார்த்துவிடக் கூடாது என்பதற்காக.) அதில் வந்ததெல்லாம் பைத்தான் இன்டர்ப்ரெட்டரின் உள் ஃபங்ஷன் பெயர் ஒன்றுதான், மேலிருந்து கீழ் வரை. பெர்ஃபுக்குத் தெரிவது சி-யில் எழுதிய இன்டர்ப்ரெட்டர். அது ஓட்டும் பைத்தான் ஃபங்ஷன்களின் பெயர் தெரிய பைத்தான் 3.12 வேண்டும், அதிலும் அதற்கான வசதியைத் திறந்துவிட வேண்டும். கடைப் பெட்டியில் 3.10. அங்கேயே மூட்டை கட்டினேன்.

இத்தனைக்கும் மிக மலிவான அளவு ஒன்று உண்டு. சேவ் செய்யும் ஃபங்ஷனின் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு கடிகாரம்: ஒன்று சுவர்க் கடிகாரம், இன்னொன்று இந்த ப்ராசஸ் சிபியுவில் இருந்த நேரம். போட்டுப் பார்த்தால் 4.8 செகண்டுக்கு 0.21 செகண்ட். யாராவது "மெதுவாக இருக்கிறது" என்றால் இப்போதெல்லாம் நான் ப்ரொஃபைலருக்கு முன்னால் போடுவது இந்த இரண்டு எண்ணைத்தான். இரண்டும் நெருக்கமாக இருந்தால் சிபியு ப்ரொஃபைலரால் பயன் உண்டு. இப்படி இருபது மடங்கு விலகி நின்றால் அது எவ்வளவு சரியாக வேலை செய்தாலும் அந்த 0.21-ஐப் பற்றித்தான் பேசும்.

ஐடில் ஆப்ஷனோடு பை-ஸ்பையைத் திரும்ப ஓட்டினேன். இப்போது படம் தலைகீழ். ஏறக்குறைய முழு அகலமும் எஸ்கியூலைட்டின் எக்ஸிக்யூட் அழைப்பு. சிப்ரொஃபைலைக் கடைப் பெட்டியில் ஓட்டியிருந்தால் அதுவும் இதைத்தான் சொல்லியிருக்கும், அது சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதால்.

எக்ஸிக்யூட் என்று பார்த்ததும் பெரும்பாலோர் கை போகும் இடம் இன்டெக்ஸ், அதாவது டேட்டாபேஸில் தேடலை வேகமாக்கும் அட்டவணை. குவெரி மெதுவாக ஓடுகிறது, இன்டெக்ஸ் இல்லை போலிருக்கிறது என்று. குவெரி ப்ளான் கேட்டுப் பார்த்தேன், இன்டெக்ஸ் ஒழுங்காகவே பயன்படுகிறது. ப்ரொஃபைலர் சொன்னது ஃபங்ஷனின் பெயரை மட்டும். உள்ளே அது தேடுகிறதா, எழுதுகிறதா, எதற்காவது காத்து நிற்கிறதா என்பது பெயரில் இல்லை.

அதற்கு ஸ்ட்ரேஸ். ப்ராசஸ் கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கேட்கும் ஒவ்வொன்றையும் பட்டியல் போடும். இதில் ஒரு பொறி இருக்கிறது, பலரும் விழுவது. சுருக்கப் பட்டியல் கேட்டால் ஸ்ட்ரேஸ் சாதாரணமாகக் காட்டும் நேரம், கெர்னல் அந்த அழைப்புக்காகச் சிபியுவில் செலவிட்ட நேரம். டிஸ்க் சுற்றும்வரை காத்திருந்தது அதில் வராது. அந்தப் பட்டியலில் எஃப்டேட்டாசிங்க் (எழுதியதை டிஸ்கில் பதியச் சொல்லும் அழைப்பு) ஒரு மூலையில், சில மில்லி செகண்டோடு அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருந்தது. சுவர்க் கடிகார நேரத்தைக் காட்டச் சொல்லும் இன்னொரு ஆப்ஷனைச் சேர்த்ததும் அதே எஃப்டேட்டாசிங்க் முதலிடத்துக்கு வந்தது: ஒரே பில்லுக்கு முந்நூற்றுக்கும் மேற்பட்ட சிங்க் அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரியாக 14 மில்லி செகண்ட்.

கணக்கு அப்புறம் தானாகவே விழுந்தது. 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லி செகண்ட். எழுதியது நிஜமாகவே தட்டில் பதிந்துவிட்டது என்று டிஸ்க் உறுதி சொல்லும்வரை எஃப்டேட்டாசிங்க் திரும்பாது. எஸ்கியூலைட்டின் கேள்வி-பதில் பக்கத்திலேயே இது இருக்கிறது: செகண்டுக்கு ஐம்பதாயிரம் இன்சர்ட் எளிதாகப் போகும், ஆனால் ட்ரான்சாக்ஷன் (முழுதாக ஏற வேண்டும், இல்லையேல் ஏறவே கூடாது என்ற தொகுப்பு) சில டஜன்தான்; 7200 ஆர்பிஎம் டிஸ்கில் 60 வரை. நிரலைத் திறந்து பார்த்தால் டேட்டாபேஸ் இணைப்பு ஆட்டோகமிட்டில் இருக்கிறது. ஒவ்வொரு இன்சர்ட்டும் ஒவ்வொரு அப்டேட்டும் தனித்தனி ட்ரான்சாக்ஷன். வரிக்கு ஒரு இன்சர்ட், சரக்கு இருப்புக்கு ஓர் அப்டேட், 42 வரிக்கு 84, பில் தலைப்புக்கும் கணக்குப் பதிவுக்கும் இரண்டு, ஆக 86. ஒவ்வொரு ட்ரான்சாக்ஷனும் ஜர்னல் ஃபைலை (பழையதைத் திரும்பக் கொண்டுவர வைத்திருக்கும் குறிப்பு) எழுதி இரண்டு சிங்க், டேட்டாபேஸை எழுதி சிங்க், டைரக்டரிக்கும் சிங்க் என்று நாலு தடவை டிஸ்க்கிடம் போய் நிற்கிறது. கமிட் (ட்ரான்சாக்ஷனை முடித்துப் பதியும் கட்டளை) தனியாகக் கூப்பிடப்படாததால் அந்தக் காத்திருப்பு முழுக்க எக்ஸிக்யூட்டின் பெயரில் போய் ஒட்டிக்கொண்டது.

என் லேப்டாப்பில் ஏன் தெரியவில்லை? டெஸ்ட் வேகமாக ஓடட்டும் என்று அங்கே டேட்டாபேஸ் ரேமிலேயே இருக்கும்படி அமைந்திருக்கிறது. ரேமில் சிங்க் செய்வதற்கு என்ன இருக்கிறது. லேப்டாப்பில் எந்த ப்ரொஃபைலரை, எத்தனை நுட்பமாக ஓட்டியிருந்தாலும் இது வந்திருக்காது, ஏனென்றால் அங்கே இந்த நேரமே நடக்கவில்லை.

திருத்தம் சில வரிகள்தான். பில் முழுவதையும் ஒரே ட்ரான்சாக்ஷனுக்குள் போட்டேன். இதற்கு வேகம் மட்டுமே காரணம் இல்லை. முன்பு இருந்தபடி பாதி பில்லில் கரண்ட் போனால் இருபது வரி ஏறி, இருபத்திரண்டு வரி ஏறாமல் நின்றிருக்கும். கூடவே, மாற்றங்களை முதலில் ஒரு தனி ஃபைலில் எழுதிவைக்கும் டபிள்யூஏஎல் முறைக்கு மாற்றினேன். 2010 முதல் எஸ்கியூலைட்டில் இருக்கும் வசதி, கமிட்டுக்கு ஒரே ஒரு சிங்க் போதும்.

அந்த ஒன்றையும் தவிர்க்கலாம். சிங்க்ரனஸ் அமைப்பை நார்மல் என்று வைத்தால் டபிள்யூஏஎல்லில் கமிட் டிஸ்க்குக்காகக் காத்திருக்காது. கரண்ட் போனால் டேட்டாபேஸ் கெட்டுப்போகாது, ஆனால் கடைசியாகப் போட்ட சில பில்கள் காணாமல் போகலாம். முதலாளியிடம் இதைச் சொன்னதும் அவர் கேட்டது: "பில்லு கஸ்டமர் கையில இருக்கும், கம்ப்யூட்டர்ல இருக்காதுன்னு சொல்றியா?" அதோடு அடுத்த பில் அதே எண்ணில் போய் விழும். ஜிஎஸ்டி விதிப்படி இன்வாய்ஸ் எண் ஒரு நிதியாண்டுக்குள் தொடர்ச்சியாகவும் திரும்ப வராததாகவும் இருக்க வேண்டும். இருபது மில்லி செகண்டை மிச்சம் பிடிக்க இந்த வம்பு எதற்கு? ஃபுல் என்றே வைத்திருக்கிறேன்.

42 வரி பில் இப்போது கடைப் பெட்டியில் கால் செகண்டுக்குள். வேடிக்கை என்னவென்றால், இப்போது எந்த ப்ரொஃபைலரை ஓட்டினாலும் டெம்ப்ளேட்டும் ரவுண்ட் ஃபங்ஷனும்தான் உச்சியில் நிற்கின்றன. முதல் நாள் படம் இப்போதுதான் உண்மையாகியிருக்கிறது, யாருக்கும் அது தேவைப்படாத நேரத்தில்.

திருத்தத்துக்கு முன், பின் என்று லேப்டாப்பிலும் ஒப்பிட்டுப் பார்த்தேன், புது ட்ரான்சாக்ஷன் முறை வேறு எதையாவது மெதுவாக்கிவிடக் கூடாதே என்று. வெயில் கொளுத்தும் மதியம். பழைய கோட் 9 செகண்ட். புதியதை ஓட்டும்போது கரண்ட் போனது. 13 செகண்ட் வந்தது. லேப்டாப் பேட்டரிக்கு மாறியதும் சிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டுவிட்டது. கரண்ட் வந்த பிறகும், ஏசி இல்லாமல் சூடேறிப் போயிருந்த அறையில் கொஞ்ச நேரம் 10, 10.5 என்றே வந்தது. சிப் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். இதில் கவனிக்க வேண்டியது: அந்த 13 செகண்ட் ஓட்டத்தின் சாம்பிளிங் படத்தை 9 செகண்ட் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எல்லா ஃபங்ஷனும் ஒரே விகிதத்தில் மெதுவானால் சதவீதம் மாறாது. சிபியு எந்த வேகத்தில் ஓடியது என்பதற்கு அந்தப் படத்தில் இடமே இல்லை.

அதற்கப்புறம் பழைய கோட், புதிய கோட், பழைய கோட், புதிய கோட் என்று மாற்றி மாற்றி ஓட்டினேன், வெயில் இரண்டுக்கும் சமமாகப் போகட்டும் என்று. சிபியு வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னர் அமைப்பையும் பெர்ஃபார்மன்ஸில் பூட்டி வைத்தேன். வித்தியாசம் இல்லை என்று உறுதியானது.

வெயிலாவது கண்ணுக்குத் தெரிகிறது. 2009-இல் மிட்கோவிச், திவான், ஹவுஸ்விர்த், ஸ்வீனி நால்வரும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் காட்டியது இன்னும் சங்கடமானது: என்விரான்மென்ட் வேரியபிள்களின் (யூசர் பெயர் போல நிரலுக்குக் கிடைக்கும் சூழல் விவரங்கள்) மொத்த நீளம் மாறினாலே நினைவகத்தில் ஸ்டேக் என்ற பகுதி தொடங்கும் முகவரி நகர்ந்து, நிரலின் வேகம் அளக்கும்படி மாறுகிறது. யூசர் பெயர் நீளமாக இருப்பவர் கணினியில் ஓர் அளவு, குட்டையாக இருப்பவர் கணினியில் இன்னொன்று. அதே நால்வர் அடுத்த ஆண்டு நான்கு ஜாவா ப்ரொஃபைலர்களை ஒரே நிரல்கள்மேல் ஓட்டி, எது அதிக நேரம் தின்னும் மெத்தட் என்பதில் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று காட்டினார்கள். காரணம், அவை நினைத்த நொடியில் எல்லாம் எட்டிப் பார்ப்பதில்லை. ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் நிறுத்த அனுமதிக்கும் சில இடங்களில் மட்டுமே பார்க்கின்றன. அந்த இடம் எங்கே விழுகிறதோ அந்த மெத்தட் பழியைச் சுமக்கிறது. ஓஎம்ஆரில் ஜாவா எழுதும் என் நண்பன் அசிங்க்-ப்ரொஃபைலரைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்பதற்கு இதுதான் காரணம். அது அந்த இடங்களுக்காகக் காத்திருப்பதில்லை.

கடையில் கதை இன்னும் முடியவில்லை. ஒரு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் பில் போடும் அக்கா சொன்னார்: "முன்ன மாதிரி இல்ல, ஆனா நடுநடுவுல ஒண்ணு மாட்டிக்குது."

சர்வர் லாகில் ஒவ்வொரு சேவுக்கும் எவ்வளவு நேரம் என்று பதிவாகிறது. சராசரி 0.2 செகண்ட். ஒன்றிரண்டு மட்டும் ஒன்றரை செகண்ட். "நடுநடுவுல" என்று சொல்லும் அளவுக்கு லாகில் இல்லை. அக்காவை நம்புவதா, லாகை நம்புவதா?

அக்காவின் பிரௌசரிலேயே ஒரு கடிகாரத்தை வைத்தேன். சேவ் அமுக்கிய நொடியிலிருந்து பதில் வந்து திரையில் பில் எண் தெரியும்வரை. ஒரு நாள் ஓடியதும் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், லாகில் ஒரே ஓர் ஒன்றரை செகண்ட் இருக்கும் இடத்தில் மூன்று கவுன்ட்டரிலும் மூன்று தாமதம். சர்வரில் வரும் வேலைகளைக் கவனிக்கும் வொர்க்கர் ஒன்றுதான். முதல் பில் உள்ளே மாட்டிக்கொண்டால் மற்ற இரண்டும் வாசலில் வரிசையில் நிற்கின்றன. வரிசையில் நிற்கும் நேரம் லாகில் வராது, ஏனென்றால் அந்தக் கடிகாரம் ஃபங்ஷன் தொடங்கிய பிறகுதான் ஓட ஆரம்பிக்கிறது. லாகைக் கேட்டால் "எனக்கு 0.2 செகண்ட்தான் ஆனது" என்கிறது, அது பொய் இல்லை. தாமதத்தை அளப்பதில் இந்த வகை ஓட்டையைப் பற்றி மென்பொருள் பொறியாளர் கில் டெனே பல ஆண்டுகளாகப் பேசி வருகிறார். அவர் அதை "கோஆர்டினேட்டட் ஒமிஷன்" என்பார். சர்வர் நின்றுபோகும்போது அளக்கிறவனும் கூடவே நின்றுபோய், நின்ற நேரத்தைக் குறிக்காமல் விட்டுவிடுவது.

அந்த முதல் பில் ஏன் மாட்டியது? நேரங்களை எழுதிப் பார்த்தால் எல்லாம் மணிக்கு நாலு தடவை: 00, 15, 30, 45-ஐ ஒட்டி. மணி அடித்தாற்போல இப்படி வந்தால், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டிவிடும் க்ரான்தான். முன்பு இருந்தவர் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை முழு டேட்டாபேஸ் ஃபைலையும் அதே டிஸ்கில் நகலெடுத்து, சுருக்கி, பென் டிரைவுக்கு அனுப்பும் ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தார். அந்த நகல் டிஸ்கை அமுக்கிக்கொண்டிருக்கும்போது நம் ஒற்றை சிங்க் வரிசையில் நிற்கிறது. டிஸ்க் வேலையைக் காட்டும் ஐயோஸ்டாட் கருவியில் டிஸ்கின் காத்திருப்பு நேரம் சரியாக அந்த நிமிடங்களில் எகிறுவதைப் பார்க்கலாம். பைத்தான் ப்ராசஸின் ப்ரொஃபைலை எத்தனை நாள் எடுத்தாலும் க்ரான் அதில் வராது. சராசரியாக்கிக் காட்டும் எந்தப் பட்டியலிலும் இந்த ஒன்றிரண்டு பில் கரைந்துபோயிருக்கும்.

பேக்கப்பை மதியச் சாப்பாட்டு வேளைக்கும் இரவு கடை சாத்திய பிறகும் தள்ளினேன். நகலெடுக்கும் முறையையும் மாற்ற வேண்டியிருந்தது. டபிள்யூஏஎல் முறையில் கடைசியாக எழுதியவை தனி ஃபைலில் இருக்கும். ஓடும் டேட்டாபேஸின் முதன்மை ஃபைலை மட்டும் காப்பி அடித்தால் பேக்கப் அரைகுறையாக இருக்கும். எஸ்கியூலைட்டின் சொந்த பேக்கப் கட்டளை அதைச் சரியாகக் கவனித்துக்கொள்கிறது. டபிள்யூஏஎல்லுக்கு மாறுகிறவர்கள் தங்கள் பேக்கப் ஸ்கிரிப்டை அன்றே திறந்து பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து முதலாளியின் பார்வை பிரின்டர்மேல் போனது. மூன்று நகல் எடுக்கும் டாட் மேட்ரிக்ஸ். சேவ் கால் செகண்ட், ஆனால் 42 வரியை அது கிறீச்சிட்டு அடித்து முடிக்கப் பல செகண்ட். கணக்குப்படி பார்த்தால் இப்போது மொத்த நேரத்தில் பெரும்பங்கு அதுதான், லேசர் வாங்கிவிடலாமா என்றார். அக்கா விடவில்லை. "அது அடிக்கிற நேரத்துலதான் சார் நான் பணத்தை எண்றேன். அது சீக்கிரம் முடிஞ்சா மட்டும் நான் சீக்கிரம் எண்ணிடுவேனா?" அதிக நேரம் எடுப்பதும், வேகமாக்கினால் பலன் தருவதும் வேறு வேறு. 2015-இல் கர்ட்சிங்கரும் பெர்கரும் வெளியிட்ட கோஸ் என்ற ப்ரொஃபைலர் இந்த இரண்டாவது கேள்வியைத்தான் கேட்கிறது: ஒரு வரியை வேகமாக்குவதற்குப் பதில் கூடவே ஓடும் மற்ற த்ரெட்களை அதே அளவு தாமதப்படுத்தி, அந்த வரி வேகமாகியிருந்தால் மொத்தம் என்ன ஆகியிருக்கும் என்று கணிக்கிறது. அதைப் பைத்தானுக்கு அப்படியே பயன்படுத்த முடியாது. பிரின்டருக்கும் முடியாது. கவுன்ட்டரில் அரை மணி உட்கார்ந்து பார்த்ததில், பணம் எண்ணி முடியும் முன்பே பேப்பர் வந்துவிடுகிறது. கடனுக்கு எடுக்கும் பில்லில் மட்டும் பிரின்டருக்காகக் காத்திருக்கிறார்கள். லேசரில் கார்பன் நகல் வராது என்பது தெரிந்ததும் முதலாளியே அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

அவர் விடாமல் கேட்ட இன்னொன்று எஸ்எஸ்டி. ட்ரான்சாக்ஷனைத் திருத்தாமல் எஸ்எஸ்டி மட்டும் போட்டிருந்தாலும் ஐந்து செகண்ட் பெருமளவு குறைந்திருக்கும், உண்மைதான். பாதி பில் ஏறி நிற்கும் ஓட்டை அப்படியே இருந்திருக்கும். இப்போது வேகத்துக்காக அது தேவையில்லை. ஆனால் அந்த ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன், கெட்டுப்போன செக்டர்களை மாற்றி எழுதும் எண்ணிக்கை ஏற ஆரம்பித்திருக்கிறது. ஆகவே ரிச்சி தெருவில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும்போது மாற்ற வேண்டும். பிரௌசரில் வைத்த கடிகாரத்தை எடுக்கவில்லை. மாற்றிய பிறகு அந்த எண்களைத் திரும்பப் பார்க்கப் போகிறேன்.